மேஸ்திரி திறக்காத அடுக்கு

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவனுக்கு மரியாதை கிடைக்கிறது என்றால் அவன் செத்திருக்க வேண்டும், அல்லது போலீஸ் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் இரண்டையும் செய்திருக்கவில்லை. பள்ளிப்பட்டில் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு வந்து, வழக்கம்போல் வண்டியை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவ்வளவுதான்.

குந்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் பீடியைக் காலில் போட்டு அணைத்தார். டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் வந்தது. கொண்டுவந்தவர் அதை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. மேலே ஏடு மிதந்தது. அந்தக் கடையில் நான் எத்தனையோ வருடமாக டீ குடிக்கிறேன். என் கிளாஸில் ஏடு விழுந்து பார்த்ததில்லை.

யாரும் பேசவில்லை. நான் எப்போதுமே பேசமாட்டேன். அதனால் அங்கே மலை மேலிருந்து வரும் மணிச்சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் வந்தார். மனிதர் என் தோளில் கையைப் போட்டார். அவர் கை என் தோளில் பட்டது அதுதான் முதல் தடவை.

"தணிகா, வண்டிய அப்படி ஓரமா போட்டுக்கப்பா. அங்க வெயில் படாது."

"லைன்ல எனக்கு..."

"நீ ஒண்ணும் சொல்லத் தேவல. எங்களுக்கு எல்லாம் தெரியும். மனசுல எதையும் வெச்சிக்காத. ஞாயித்துக்கிழம நல்லபடியா பண்ணிடலாம்."

என்ன பண்ணப்போகிறார்கள் என்று புரியாமல் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். 'தணிகாசலம் விலகினார்' என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே 'காலி இடம் உள்ளது' என்று இன்னொரு வரி.

எங்கள் ஸ்டாண்டில் இடம் கிடைப்பது மலையடிவாரத்தில் மனை கிடைப்பது மாதிரி. ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். இடம் இல்லாத ஆட்டோ ரோட்டோரம் நின்றால் எல்லா ஸ்டாண்டுக்காரர்களும் சேர்ந்து துரத்துவார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. நான் விலகவும் இல்லை. இதை யாரிடமாவது வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதே எனக்கு வேர்த்துவிட்டது.

ரோஜாப்பூ வைத்த வேட்டு

போன வாரம் ஷேர் ஆட்டோ சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்கள் ஸ்டாண்டில் எல்லாவற்றுக்கும் மேஸ்திரி, மேஸ்திரி என்கிறீர்களே, அவர் யார்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் ஆள் இல்லை. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

முன்பு எல்லாரையும் போல எங்களுக்கும் போனில் ஒரு குரூப் இருந்தது. விடியும் முன்பே அதில் ரோஜாப்பூ வந்து விழும். அதன்மேல் காலை வணக்கம். பிறகு சூரியனோடு முருகன், சூரியன் இல்லாமல் முருகன், குழந்தை ஒன்று, டீ கிளாஸ் ஒன்று. இவற்றுக்கு நடுவில் லாட்ஜ்காரர் 'நாலு பேர், மலைக்கு, உடனே' என்று எழுதியிருப்பார். அந்த வரியை நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அந்த நாலு பேரும் படியேறி சாமி பார்த்துவிட்டு இறங்கியிருப்பார்கள்.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ரஹீம் பாய் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அரக்கோணத்துக்காரர். போனைக் கழற்றினால் திரும்ப மாட்டத் தெரிந்தவர் என்று எங்கள் பக்கத்தில் பெயர். அவரிடம் ஏகாம்பரம் போய் முறையிட்டார். நானும் கூடப் போயிருந்தேன், அவர் தன் வண்டியை வரிசையிலேயே விட்டுவிட்டு என் வண்டியில் ஏறிக்கொண்டதால்.

"பழைய காலத்து சமாச்சாரம் ஒண்ணு இருக்குதுங்க. ஐ.ஆர்.சி.ன்னு பேரு. அதுல ரூம் ஒண்ணு போட்டுக்கலாம். ஆனா எழுத்து மட்டும்தான். படம் போவாது" என்று பாய் தயங்கிச் சொன்னார்.

"படமே போவாதா?"

"போவாதுங்க."

"ரோஜாப்பூ?"

"எதுவுமே போவாதுங்க."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு, "அதான் பாய் எனக்கு வோணும்" என்றார்.

அந்த அறைக்குள் பாய் ஒரு கணினி நிரலையும் எழுதி உட்கார வைத்தார். வருகிற சேதிகளை அதுவே படிக்கும். ஸ்டாண்டில் யார் இருக்கிறார்கள், அடுத்த சவாரி யாருக்கு என்று சொல்லும். அதற்குப் பாய் வைத்த பெயர் வேறு. நாங்கள் மேஸ்திரி என்றோம். வேலை கொடுக்கிறது, எதிர்க்கேள்வி கேட்க முடியாது. வேறென்ன பெயர் வைப்பது?

டிபன் கேரியர்

மேஸ்திரி எப்படிப் படிக்கிறது என்று பாய் எனக்கு ஒருநாள் விளக்கினார். என் போனில் பொத்தான் வேலை செய்யவில்லை என்று போயிருந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலு அடுக்கு டிபன் கேரியர்.

"இதே மாதிரிதாண்ணே. எல்லா போனையும் சேத்து வெக்கற பெரிய கம்ப்யூட்டரு ஒண்ணு கீது, சர்வர்னு பேரு. அதுலேருந்து ஒவ்வொரு வரியா வரும். ஒரு வரின்னா ஒரு சேதி. வரி ஆரம்பத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு புள்ளி இருந்தா, அத ஒட்டிகினு வர்றது யாரு அனுப்புனதுன்னு. அது மொதல் அடுக்கு." கேரியரின் மேல் கிண்ணத்தை எடுத்து வைத்தார். "அப்புறம் கொஞ்சம் இடம் வுட்டு, இன்னா வேலைன்னு இருக்கும். பேசறானா, உள்ள வர்றானா, வெளிய போறானா. ரெண்டாவது அடுக்கு. அதுக்கப்புறம் எந்த ரூமுக்குன்னு. அது மூணாவது."

"ஆங்."

"அப்பால மறுபடி அதே ரெண்டு புள்ளி வரும். அதுக்குப் பின்னாடி இன்னா வந்தாலும் பிரிக்கக் கூடாது. நீங்க எவ்ளோ இடம் வுட்டு எழுதினாலும் சரி, மொத்தமா நாலாவது அடுக்குல கொட்டிடணும். அதான் பேச்சு."

நாலாவது கிண்ணத்தில் பிரியாணி இருந்தது. எனக்கும் கொஞ்சம் வைத்தார். கேட்டதெல்லாம் மனதில் நின்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அந்தப் பேச்சிலும் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் எழுத்துக்கு முன்னால் ஆச்சரியக்குறி இருந்தால்தான் அது தனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் யாரோ யாரிடமோ பேசுகிறார்கள் என்று விட்டுவிடும். சவாரி முடித்து ஸ்டாண்டுக்குத் திரும்பியதும் ஆச்சரியக்குறி போட்டு 'வந்தேன்' என்று எழுத வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது பெரிய சங்கடம். 'மேஸ்திரி அவர்களுக்கு வணக்கம். முருகன் அருளால் நலம். நான் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்' என்று எழுதிவிட்டு ஒருவர் பாதி நாள் காத்திருந்தார். சவாரி வரவில்லை.

"மரியாதையா எழுதனவனுக்கு ஒண்ணும் கெடையாது. மொட்டையா வந்தேன்னு போட்டவனுக்கு சவாரி. இது இன்னா நியாயம்?" என்று கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்கு மேஸ்திரியைப் பிடித்திருந்தது. கூச்சப்படுகிறவனுக்கு இப்படி ஒரு மேஸ்திரி கிடைப்பது அபூர்வம். முகம் பார்க்க வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம், சண்டை போட்டு இடம் பிடிக்க வேண்டாம். ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்.

உள்ளேன் ஐயா

இன்னொன்றையும் பாய் சொன்னார். சர்வர் நடுநடுவே ஒவ்வொரு போனையும் கூப்பிட்டு 'இருக்கிறாயா?' என்று கேட்குமாம். அந்த வரியில் யார் அனுப்பியது என்ற அடுக்கே இருக்காது. நேராக வேலைதான். போன் உடனே அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி 'இருக்கிறேன்' என்று பதில் தர வேண்டும். இது நமக்குத் தெரியாமலே நடக்கும். பதில் வரவில்லை என்றால் சர்வர் அந்த ஆளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அறையில் இருக்கிற எல்லாருக்கும் 'இன்னார் போய்விட்டார்' என்று சொல்லிவிடும்.

எனக்கு இது புதிதில்லை. நான் ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது மற்றவர்கள் 'உள்ளேன் ஐயா' என்று கத்துவார்கள். நான் சொல்வது எனக்கே கேட்காது. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு 'வரவில்லை' என்று போட்டுவிடுவார். பிறகு அடுத்த பெயருக்குப் போகும்போது என்னைப் பார்த்து, "டேய், தணிகாசலம் ஏண்டா வரல?" என்று என்னையே கேட்பார். நானும் தெரியாது என்று தலையாட்டுவேன்.

சர்வர் நல்லது. ஒருவரை வெளியே எடுத்துப் போட்டாலும் ஏன் என்று எழுதிவிடும். 'பதில் வரவில்லை' என்று நாலாவது அடுக்கில் தெளிவாக இருக்கும். தானாகப் போகிறவரும் போகும்போது அந்த அடுக்கில் எதையாவது எழுதிவிட்டுப் போகலாம்.

அங்கேதான் சிக்கல். சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய சிலர் அந்த நாலாவது அடுக்கில் ஏகாம்பரத்தையும், அவர் அப்பாவையும், அதற்கு முந்திய தலைமுறையையும் விசாரித்து எழுதிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி அதை வரி பிசகாமல் எல்லா லாட்ஜுக்கும் படித்துக் காட்டியது.

"போறவன் இன்னா சொல்லிகினு போனா நமக்கு இன்னா பாய்? போனான்றது போதும். அந்த அடுக்கத் தொறக்காத" என்று ஏகாம்பரம் உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து ஒருவர் போனால் மேஸ்திரி மேல் இரண்டு அடுக்கை மட்டும் பார்க்கும். யார், போனார். காரணத்தைத் திறக்காமலே குப்பையில் கொட்டிவிடும். கோபித்துக்கொண்டு போனவரும், தொடர்பு அறுந்தவரும் அதற்கு ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் எவர் அறையில் இல்லையோ அவருக்கு ஸ்டாண்டில் இடம் இல்லை என்றும் ஒரு விதி சேர்த்தார்கள். வண்டி ஓட்டாமல் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்களைப் பிடிக்கத்தான் அந்த விதி என்றார் ஏகாம்பரம்.

சாம்பார்

பள்ளிப்பட்டில் நான் பந்தியில் பரிமாறினேன். பரிமாறுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் எந்த விசேஷத்திலும் அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். வாளி காலியானதும் அண்டாவில் மொள்ளக் குனிந்தேன். சட்டைப்பையிலிருந்த போன் சாம்பாருக்குள் இறங்கிவிட்டது.

சத்தம்கூட வரவில்லை. முருங்கைக்காயை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் தேடி எடுத்தோம். அதற்குள் சர்வர் என்னை எத்தனை தடவை கூப்பிட்டதோ. சனிக்கிழமை சாயங்காலம் என் போன் அரிசி மூட்டைக்குள் புதைந்து கிடந்தது.

நடந்தது இவ்வளவுதான். இதைத்தான் அந்தத் திங்கட்கிழமை, ஏடு மிதந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மிகுந்த சிரமப்பட்டு ஏகாம்பரத்திடம் சொன்னேன்.

"போன் சாம்பார்ல வுழுந்துடுச்சி."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் தலையை ஆட்டினார். "பாருங்கப்பா. இந்த நேரத்துலயும் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்றான். சாம்பார்ன்றான். இதான் பெரிய மனுஷனுக்கு அழகு."

ரஹீம் பாய் வந்து 'பதில் வரவில்லை' என்றுதான் சர்வர் அனுப்பியிருந்தது என்று சொல்லிப் பார்த்தார். சமாதானத்துக்காகப் பாய் பொய் சொல்கிறார் என்று அவருக்கும் ஒரு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி மாற்ற வேண்டுமானால் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. எதற்கு? எனக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்ப.

காரணங்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் ஏன் என்று அவரைக் கேட்க மாட்டோம். கேட்டால் இன்னும் கோபித்துக்கொள்வார். அவர் வீட்டுக்காரர்களிடம் கேட்போம், பெண் எடுத்த வீட்டுக்கு ஆள் அனுப்புவோம், காரணத்தை நாமாகவே யோசித்துப் பார்ப்போம். மேஸ்திரி காரணத்தைக் கொட்டிவிட்டதால் அந்த வாரம் ஊரே உட்கார்ந்து எனக்கு ஒரு காரணம் தேடியது.

தேடியவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முதலில் வேலு வந்தான். என் வண்டிக்கு அடுத்து நிற்கிற வண்டி அவனுடையது. வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "அண்ணா, போன கிருத்திகைக்கு சித்தூர்லேருந்து மொட்ட போட வந்தாங்களே ஒரு குடும்பம், உன்னத்தான் கேட்டாங்க. நீ சாப்புடப் போயிட்டேன்னு சொல்லி நான் ஏத்திகினு போயிட்டேன். அத மனசுல வெச்சிக்காதண்ணா."

எனக்கு அது தெரியவே தெரியாது. பரவாயில்லை என்று தலையாட்டினேன். நான் பேசாததைப் பார்த்து அவன் பயந்துபோய், அதற்கு முந்திய கிருத்திகையில் செய்ததையும் சொன்னான்.

அடுத்து ஒருவர் வந்து என் வண்டி சீட்டைக் கிழித்தது தான்தான் என்றார். இன்னொருவர், 'ஊமைச்சாமி' என்று எனக்குப் பெயர் வைத்தது தான் இல்லை, ஆனால் சிரித்ததில் தானும் உண்டு என்றார். எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

பள்ளிப்பட்டிலிருந்து மச்சான் வெங்கடேசு பைக்கில் வந்து இறங்கினான். அவர்கள் வீட்டில் பாதி தெலுங்கு, அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னா பாவா இது? எங்க வூட்டு விசேஷத்துல எதனா மரியாத கொறஞ்சிச்சா?"

"இல்ல வெங்கடேசு. போன் சாம்பார்ல..."

"அதான் கேக்கறேன். போன் வுழுந்தப்போ எங்க சித்தப்பா சிரிச்சாரு. ஒத்துக்கறேன். அவருக்கு எழவு வூட்ல கூட சிரிப்பு வரும். அதுக்காவ நீ தொழிலையே வுட்ருவியா?"

போன் சாம்பாரில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி அவன். அவனுக்கும் அது போதவில்லை.

என் மனைவி கஸ்தூரி மட்டும் நான் விலகவில்லை என்று நம்பினாள். "எங்கூட்டுக்காரருக்குக் கோவமே வராதுன்னு நானே போயி சொன்னேன். 'அந்த மாதிரி ஆளுங்கதாம்மா பொசுக்குனு போயிடுவாங்க'ன்றாங்க. நீ ஒரு தபா வாயத் தொறந்து சத்தமா சொன்னாத்தான் ஆவும். எனக்கு வர்ற கோவத்துல பாதியாச்சும் உனக்கு வரக்கூடாதா?"

வியாழக்கிழமை புருஷோத்தமன் வந்தான். கே.ஜி.கண்டிகைக்காரன். இடத்துக்காக ரொம்ப காலமாகக் காத்திருப்பவன். ரோட்டோரம் நின்று நின்று துரத்தப்பட்டவன். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். நான் தடுப்பதற்குள் காலில் விழுந்துவிட்டான்.

"அண்ணா, நீங்க வுட்டுக் குடுத்த இடம். உங்க பேரக் காப்பாத்துவேன்."

கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னேன். அவன் குடித்துவிட்டுப் போனதும் அவள் டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள். "எடத்தையும் குடுத்துட்டு, காபியும் குடுத்தனுப்பறியா?"

கஜேந்திரன்

வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் தனியாக வந்தார். உள்ளே வந்து கதவை லேசாகச் சாத்தினார்.

"தணிகா, சுத்தி வளைக்கல. கஜேந்திரன் சமாச்சாரம் உனக்குத் தெரிஞ்சிபோச்சி. அதான் போற. சரியா?"

கஜேந்திரன் எங்கள் வரிசையில் ஒரு பெயர். அறையில் எப்போதும் இருப்பார். ஒரு பேச்சும் பேசமாட்டார், 'வந்தேன்' மட்டும் எழுதுவார். ஆளை நான் பார்த்ததில்லை. நான்தான் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லையே என்று இருந்துவிட்டேன்.

ஏகாம்பரம் சொல்லச் சொல்ல விஷயம் புரிந்தது. அவர் வண்டிப் பெட்டியில் இரண்டாவது போன் ஒன்று சார்ஜில் கிடக்கிறது. கஜேந்திரன் அதற்குள் இருக்கிறார். கஜேந்திரனுக்கு முறை வந்தால் ஏகாம்பரம் வண்டி போகும். ஏகாம்பரத்துக்கு முறை வந்தாலும் ஏகாம்பரம் வண்டி போகும்.

முதல் அடுக்கில் பெயருக்குப் பின்னால், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வருமாம். மேஸ்திரி அந்த வாலை நறுக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும். பெயர் வேறு என்றால் ஆள் வேறு. நறுக்கச் சொன்னது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சர்வர் கூப்பிட்ட போதெல்லாம் கஜேந்திரன் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் அறையில் இருந்திருக்கிறார். ஆள் இல்லாமலே அவர் இருந்தார். நான் வண்டியோடு வந்து நின்றும் இல்லாமல் போனேன்.

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"பாத்தியா? நீ பேசாம குந்திகினு இருக்கறது ஆயிரம் பேரு ஏசற மாதிரி கீது" என்று ஏகாம்பரம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வெளிய வுட்ராத. பொன்னாட ஒசத்தியா வாங்கிகீறேன். சரிக போட்டது."

பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டிலேயே ஷாமியானா போட்டிருந்தார்கள். மைக் செட் வந்திருந்தது. முன் வரிசையில் புருஷோத்தமன் மடிப்புக் கலையாத புதுக் காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். பின்னால் கஸ்தூரி, அவளுக்குப் பக்கத்தில் ரஹீம் பாய்.

ஒவ்வொருவராக வந்து என்னைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் சொன்ன மாதிரி நான் இருந்திருந்தால் எனக்கே என்னைப் பிடித்திருக்காது. கடைசியில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அது கீச்சென்று கத்தியது. எனக்குத் தெரிந்தவரை கூட்டத்தில் ஆள் தலைகள் இல்லை, கண்கள் மட்டும்தான் இருந்தன.

"நான் போவல" என்றேன்.

கை தட்டினார்கள். ஏகாம்பரம் குனிந்து மைக்கில் சொன்னார். "எங்க போனாலும் மனசு இங்கதான் இருக்கும்ன்றாரு!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"இல்ல. நெஜமா போவல. போன் சாம்பார்ல வுழுந்துடுச்சி."

சிரித்தார்கள். சரிகை போட்ட பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் என்னை நோக்கி வந்தார்கள். அது தோளில் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. எங்கள் ஊரில் பொன்னாடை போர்த்திய பிறகு திரும்பி வந்தவர் கிடையாது.

அப்போது புருஷோத்தமன் எழுந்தான்.

"அண்ணா, நீங்களா போவலயா?"

அந்த வாரத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அதைக் கேட்டால் இடத்தை இழக்கப்போகிறவன் அவன் ஒருவன்தான்.

"இல்லப்பா" என்றேன்.

பொன்னாடை பாதி வழியில் நின்றது. புருஷோத்தமன் புதுச் சட்டையின் முனையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. அவன் பேசாமல் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"புருஷோத்தமனுக்கும் எடம் இருக்குது. இன்னொரு எடம் காலியா கீது. செயலாளருக்குத் தெரியும்."

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து எடுத்தபோது வேறு முகமாக இருந்தது.

"ஆமாங்க. சொல்ல வாணாம்னு இருந்தேன்" என்று மைக்கை வாங்கினார். "நம்ம கஜேந்திரன் எங்கிட்ட வந்து விலகிக்கறேன்னாரு. குடும்ப சூழ்நிலை."

"யாரு கஜேந்திரன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாய்யா, கஜேந்திரனத் தெரியாதா உனக்கு?" என்று வேலு திரும்பி அதட்டினான். "கொஞ்சம் குள்ளமா, மாநெறமா இருப்பாரு."

"குள்ளமா? நல்ல ஒசரமாச்சே" என்றார் சீட்டைக் கிழித்தவர்.

"முந்தாநேத்துகூட எங்கூட டீ குடிச்சாரு."

"பாவம். பொண்டாட்டி ஊரு மணவூரு. அங்கயே போயிடலாம்னு சொல்லிகினு இருந்தாரு."

ரஹீம் பாய் தலையைக் குனிந்துகொண்டு போனில் தட்டினார். எல்லார் சட்டைப்பையிலும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. கஜேந்திரன் விலகினார். தணிகாசலம் வந்தார். புருஷோத்தமன் வந்தார். கஸ்தூரி எழுந்து முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

ஆனால் பொன்னாடை வாங்கியாகிவிட்டது. மைக் செட் மதியம் வரை நம்முடையது. மேடையில் காலி நாற்காலி ஒன்றைப் போட்டு அதன்மேல் பொன்னாடையைப் போர்த்தினார்கள். கஜேந்திரனுக்கு வழியனுப்பு விழா தொடங்கியது. யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து பேசினார்கள். எனக்குப் பேசியதைவிட நன்றாகவே பேசினார்கள்.

கடைசியில் என்னையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மைக்கை வாங்கினேன். கஜேந்திரன் யாரையும் ஏசியதில்லை என்றேன். சவாரிக்கு வந்தவர்களிடம் ஒருநாளும் கூடுதலாகக் காசு கேட்டதில்லை. கிருத்திகைக் கூட்டத்திலும் ஒருவரையும் உரசாமல் வண்டி ஓட்டினார். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் பதில் சொன்னார். இப்படி ஒருவர் நம் ஸ்டாண்டுக்கு இனி வரப்போவதில்லை என்றேன். நிறுத்த மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன்.

கைதட்டல் ஓய்ந்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏகாம்பரம் ஒருவர்.